பெரிய மரத்தை சரியாக அளப்பது எப்படி? சங்ககிரி சாலையோரப் புளியமரம் முதல் பரம்பிக்குளம் கன்னிமாரா தேக்கு வரை... முழு விவரம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சாலையோரம் நிற்கும் பழைய புளியமரங்களைப் பார்த்தால் பலருக்கும் ஒரே கேள்விதான் வரும். "இது எவ்வளவு பெருசு?" பதில் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ஒருவர் 'நூறு அடி இருக்கும்' என்பார். இன்னொருவர் 'நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது' என்பார்.

பேச்சுக்கு இது போதும். ஆனால் சாலை அகலமாகும்போது, நிலம் கையகப்படுத்தப்படும்போது, தோட்டத்துக்கு மேலே உயர்மின் கம்பி போகும்போது, மர வியாபாரி வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது இந்தக் குத்துமதிப்பு செல்லாது. அப்போது தேவைப்படுபவை இரண்டு எண்கள்: சுற்றளவு, உயரம்.

இந்த இரண்டையும் எப்படி எடுக்கிறார்கள்? எங்கே தவறு வருகிறது? சங்ககிரியில் இருக்கும் ஒருவர் கயிறும் குச்சியும் வைத்தே இதைச் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே மரம்... இரண்டு உயரம்!

தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பார்க்கக்கூடிய மிகப் பிரபலமான பெரிய காட்டு மரம், கன்னிமாரா தேக்கு. கேரளாவின் பாலக்காடு மாவட்டம் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில், துணக்கடவு பகுதியில் நிற்கிறது. மரம் இருப்பது கேரளாவில் என்றாலும் சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயேதான் போகிறது.

ஆனைமலைத் தேக்குக்கு ஆங்கிலேயர் காலத்தில் அப்படி ஒரு கிராக்கி. கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய கட்டைகளை மலை உச்சியிலிருந்து சரியவிட்ட இடம் என்பதால்தான் 'டாப்சிலிப்' என்ற பெயரே வந்தது. அந்த வெட்டுக்குத் தப்பி நிற்கும் மரங்களில் ஒன்று கன்னிமாரா. கோடாலி பட்டதும் மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது, அதனால் வெட்டாமல் விட்டுவிட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பழங்குடி மக்கள் இதை வழிபடுகிறார்கள். 1994-95-ல் மத்திய அரசின் 'மகாவிருட்ச புரஸ்கார்' விருதும் இந்த மரத்துக்குக் கிடைத்தது.

சரி, இதன் அளவு என்ன? இங்கேதான் சுவாரஸ்யம். இந்த மரத்தைப் பற்றிய ஒரு பதிவில் உயரம் 39.98 மீட்டர், சுற்றளவு 7.02 மீட்டர் என்று இருக்கிறது. இன்னொரு பதிவில் உயரம் 48.5 மீட்டர், சுற்றளவு 6.57 மீட்டர் என்று இருக்கிறது.

சுற்றளவில் வித்தியாசம் 45 சென்டிமீட்டர்தான். உயரத்தில் வித்தியாசம் எட்டரை மீட்டர். அதாவது 28 அடி, கிட்டத்தட்ட மூணு மாடி!

இப்படி வித்தியாசம் வர மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு அளவுகளும் வேறு வேறு காலத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். மரம் பருமனாகிக்கொண்டே போகும், ஆனால் காற்றில் உச்சி முறிந்தால் உயரம் குறையும். இரண்டு, தண்டைச் சுற்றி நாடா பிடித்த இடம் மாறியிருக்கலாம். மூன்று, உயரத்தை அளந்த முறையே வேறாக இருந்திருக்கலாம்.

எந்த ஆண்டு, எந்த இடத்தில், எந்த முறையில் என்ற மூன்று விவரமும் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. இந்தக் கட்டுரையின் மையமான விஷயமும் இதுதான்: எப்படி அளந்தோம் என்று சொல்லாத அளவை வைத்து அடுத்தவர் எதையும் ஒப்பிட முடியாது.

சுற்றளவு: அது என்ன 1.37 மீட்டர் கணக்கு?

மரத்தின் அடியில் வேர்கள் புடைத்துக்கொண்டு இருக்கும். மேலே போகப் போகத் தண்டு சிறுக்கும். எங்கே அளந்தாலும் வேறு வேறு எண்தான் வரும். அதனால் எல்லோரும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும் என்று வனத்துறையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் அந்த உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர். பழைய கணக்கில் நாலரை அடி. சராசரி ஆளின் மார்பு உயரம் என்பதால் இதை 'மார்பளவு உயரம்' என்கிறார்கள். அங்கே எடுக்கும் சுற்றளவுக்கு 'ஜிபிஹெச்' என்று பெயர். அதை 3.14-ஆல் வகுத்தால் கிடைக்கும் குறுக்களவு 'டிபிஹெச்'. அமெரிக்காவிலும் நாலரை அடிதான். ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் 1.3 மீட்டர். அதனால் வெளிநாட்டு மரத்தோடு ஒப்பிடும்போது இதையும் பார்க்க வேண்டும்.

கன்னிமாராவின் 7.02 மீட்டர் சுற்றளவை வகுத்தால் குறுக்களவு சுமார் 2.24 மீட்டர். ஒரு சாதாரண வீட்டுக் கதவின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கைகளை விரித்தால் ஒருவருக்கு சுமார் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த மரத்தைச் சுற்றிக் கைகோக்க ஐந்து பேர் தேவை.

அளக்க என்ன வேண்டும்? டெய்லர் டேப் ஒன்றரை மீட்டர்தான், பெரிய மரத்துக்குப் பத்தாது. இழுத்தால் நீளாத கயிறு ஒன்று போதும். சுற்றிப் பிடித்து, முனை சேரும் இடத்தில் அடையாளம் வைத்து, பிறகு கயிற்றை இரும்பு டேப்பில் அளந்துகொள்ளலாம். நைலான் கயிறு நீளும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை:

* கயிறு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சாண் இறங்கினாலும் அளவு கூடிவிடும்.
* கொடி, பாசி, கழன்று தொங்கும் பட்டை ஆகியவற்றுக்கு அடியில் கயிறு போக வேண்டும். அவற்றின் மேலே சுற்றக் கூடாது.
* மலைச்சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத் தரையிலிருந்து 1.37 மீட்டர் எடுக்க வேண்டும்.
* சாய்ந்த மரத்தில் தண்டு போகும் திசையிலேயே 1.37 மீட்டர் அளந்து, தண்டுக்குக் குறுக்காகக் கயிற்றைச் சுற்ற வேண்டும்.
* அந்த உயரத்தில் முண்டு, வீக்கம் இருந்தால் கொஞ்சம் மேலேயோ கீழேயோ சீரான இடத்தில் அளந்து, எந்த உயரம் என்று எழுதிவிட வேண்டும்.
* 1.37 மீட்டருக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை இரண்டு தண்டுகளாகத்தான் கணக்கிடுவார்கள்.
* இலவம் போல அடியில் பலகை வேர் விரிக்கும் மரங்களில், அந்த வேர் முடிந்த இடத்துக்கு மேலே அளக்க வேண்டும்.

இரண்டு முறை அளந்து பார்த்து ஒரே எண் வந்தால் சரி. ஒழுங்காகச் செய்தால் சுற்றளவில் ஒரு சில சென்டிமீட்டருக்கு மேல் தவறு வராது.

ஆலமரத்தை எப்படி அளப்பது?

இதுதான் சிக்கல். விழுது தரையில் ஊன்றி, தண்டாகி, தாய்த் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். எது தண்டு, எது விழுது என்றே சொல்ல முடியாது. அதனால் ஆலமரத்தில் சுற்றளவைவிட, கிளை பரப்பியிருக்கும் நிலப்பரப்பைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு இன்று தாய்த் தண்டே கிடையாது. பூஞ்சை தாக்கியதால் 1925-ல் அதை அகற்றிவிட்டார்கள். மரம் விழுதுகளின் மேலேயே நின்று பரவிக்கொண்டிருக்கிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்த் தண்டும் 1989-ல் சாய்ந்தது. ஆந்திராவின் திம்மம்மா மர்ரிமானு ஆலமரம் கின்னஸில் இடம்பிடித்தது அதன் பரப்பளவுக்காகத்தான். சுமார் 19,107 சதுர மீட்டர், அதாவது நாலே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

உயரம்: குச்சி, நிழல், கோணம்

சங்ககிரி கோட்டை மலையின் உயரத்தைத் தெரிந்துகொள்ள உச்சியிலிருந்து கயிறு விட வேண்டியதில்லை. கீழே தரையில் ஒரு தூரம், அங்கிருந்து உச்சிக்கு ஒரு கோணம், இரண்டும் தெரிந்தால் மீதி கணக்குதான். 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவையும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. பத்தாம் வகுப்பில் வரும் அதே 'உயரமும் தூரமும்' பாடம்தான் மரத்துக்கும்.

முறை 1, குச்சி: உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கை விரல் வரை எவ்வளவோ, அதே நீளத்துக்கு ஒரு குச்சியை முறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி, பிடிக்கு மேலே அந்த நீளம் முழுவதும் இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் வரை பின்னால் நடங்கள். பொருந்திய இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரை எத்தனை மீட்டரோ, அதுதான் மரத்தின் உயரம். ஒரு பைசா செலவில்லை.

முறை 2, நிழல்: ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் செங்குத்தாக நட்டு நிழலை அளங்கள். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளங்கள். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 16 மீட்டர் என்றால், 16-ஐ 0.8-ஆல் வகுத்தால் 20. மரத்தின் உயரம் 20 மீட்டர்.

இது சங்ககிரி போன்ற திறந்த சமவெளிக்குப் பொருந்தும். அடர்ந்த காட்டில் ஒரு மரத்தின் நிழலை மட்டும் பிரித்துப் பார்க்கவே முடியாது. நேரமும் முக்கியம். சங்ககிரி சுமார் 11.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். காலையிலோ மாலையிலோ அளப்பதே சரி. தூங்குமூஞ்சி மரம் போலக் குடை விரித்த மரங்களில் நிழலின் நுனியில் விழுவது உச்சியின் நிழலா, ஓரக் கிளையின் நிழலா என்பதையும் பார்க்க வேண்டும்.

முறை 3, கோணம்: வனத்துறையினர் கையில் வைத்திருக்கும் 'கிளைனோமீட்டர்' கோணத்தைக் காட்டும். இன்று செல்போனிலேயே சாய்வுக் கோணம் காட்டும் வசதி வந்துவிட்டது. மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, உச்சிக்கு 35 டிகிரி, அடிக்குக் கீழ்நோக்கி 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 35 டிகிரியின் 'டேன்' மதிப்பு 0.70, 30-ஆல் பெருக்கினால் 21 மீட்டர். 3 டிகிரிக்கு 0.052, பெருக்கினால் சுமார் 1.6 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 22.6 மீட்டர்.

எங்கே தவறுகிறது? 'இலவசமாக' வரும் 5 மீட்டர்

மேலே சொன்ன மூன்று முறைகளிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மரத்தின் உச்சி, அடித்தண்டுக்கு நேர் மேலே இருக்கிறது என்ற நம்பிக்கை. தென்னைக்கும் சவுக்குக்கும் பெரும்பாலும் இது சரி. புளி, வேம்பு, அரசு, காட்டு மா போன்ற பரந்த மரங்களுக்கு இது சரிப்பட்டு வராது.

ஓர் உதாரணம். மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு 'உச்சி' போலத் தெரிவது, உங்களை நோக்கி 6 மீட்டர் நீண்டிருக்கும் ஒரு கிளை. அது உங்கள் கண் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் உங்களுக்கும் உள்ள கிடைத்தூரம் 24 மீட்டர்தான். ஆனால் நீங்கள் கணக்கில் போடுவது தண்டு வரையிலான 30 மீட்டர்.

விளைவு? 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிளை, கணக்கில் 25 மீட்டர் என்று வரும். மரம் வளராமலே 5 மீட்டர் கூடிவிட்டது! கிளை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாகக் குறையும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். ஒன்று, மரத்தைச் சுற்றி வந்து இரண்டு மூன்று திசைகளிலிருந்து அளப்பது. எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் உச்சி என்று நினைத்தது உச்சி இல்லை என்று புரியும். இன்னொன்று, லேசர் கருவி. அது கண்ணிலிருந்து அந்தக் கிளைக்கே நேராகத் தூரத்தை எடுக்கும். அந்தத் தூரத்தைக் கோணத்தின் 'சைன்' மதிப்பால் பெருக்கினால் கிளையின் உண்மையான உயரம் கிடைக்கும், அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. இந்த உதாரணத்தில் லேசர் 31.24 மீட்டர் காட்டும், சைன் மதிப்பு 0.64, பெருக்கினால் சரியாக 20.

உலகின் உயரமான மரங்களை எப்படி அளந்தார்கள்?

போட்டி என்று வந்துவிட்டால் லேசரையும் முழுசாக நம்புவதில்லை. ஆளை மேலே ஏற்றி, உச்சியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு அளக்கிறார்கள்.

மலேசியாவின் சபா மாநிலம், டானம் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்ற மரம் இருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சும் 'லைடார்' முறையில் 2018-ல் அது கண்டறியப்பட்டது. 2019 ஜனவரியில் ஒருவர் ஏறி டேப் போட்டு அளந்தபோது கிடைத்த உயரம் 100.8 மீட்டர். 2023-ல் திபெத்தில் 102.3 மீட்டர் உயர சைப்ரஸ் மரம் ஒன்று, டிரோன், லேசர் உதவியோடு பதிவானது.

உலகிலேயே உயரமான மரம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள 'ஹைபீரியன்' என்ற செம்மரம். சுமார் 116 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 380 அடி. ஆனால் புகழ் அதற்கு நல்லது செய்யவில்லை. தேடி வந்தவர்களின் காலடியில் வேர்ப்பகுதி மண் இறுகி, சுற்றியிருந்த செடிகொடிகள் அழிந்தன. 2022-ல் அந்தப் பகுதிக்குப் போகவே தடை விதித்துவிட்டார்கள்.

'பெரிய மரம்' என்றால் எது?

உயரத்தில் ஹைபீரியன் முதலிடம். மொத்தத் தண்டின் கன அளவில் அதே கலிபோர்னியாவின் 'ஜெனரல் ஷெர்மன்' முதலிடம். உயரம் சுமார் 84 மீட்டர்தான், ஆனால் தண்டின் கன அளவு சுமார் 1,487 கன மீட்டர். பருமனில் மெக்சிகோவின் 'தூலே' மரம் முன்னணியில் இருக்கிறது. அதன் சுற்றளவு 40 மீட்டரையும் தாண்டும். ஆக, எதை வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லாமல் 'மிகப் பெரிய மரம்' என்று ஒன்றைக் காட்ட முடியாது.

இதைத் தீர்க்க அமெரிக்காவில் 1940 முதல் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. சுற்றளவு இஞ்சில், உயரம் அடியில், கிளைப் பரப்பின் சராசரி அகலத்தில் கால் பங்கு அடியில். மூன்றையும் கூட்டினால் மரத்தின் மதிப்பெண். உதாரணமாக, 5 மீட்டர் சுற்றளவு, 18 மீட்டர் உயரம், 20 மீட்டர் கிளை அகலம் கொண்ட ஒரு புளியமரத்துக்கு 197 + 59 + 16, சுமார் 272 வரும். ஊருக்குள் இரண்டு மரங்களில் எது பெரிது என்ற பஞ்சாயத்துக்கு இது கைகொடுக்கும்.

மரம் விற்கிற விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

இங்கேதான் அளவு பணமாக மாறுகிறது. கட்டையின் கன அளவைக் கணக்கிட மர வியாபாரத்தில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு வழக்கம், 'கால் சுற்றளவு' முறை. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 1736-ல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து பரவியதால் இதை 'ஹாப்பஸ்' கணக்கு என்கிறார்கள்.

4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள கட்டை. நான்கால் வகுத்தால் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கி, 10-ஆல் பெருக்கினால் 10 கன அடி. ஆனால் வட்டத்தின் கணக்குப்படி அந்தக் கட்டையில் உண்மையில் இருப்பது 12.73 கன அடி. அதாவது 21 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வராது.

இது ஏமாற்றா? அப்படிச் சொல்ல முடியாது. உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது ஓரம் வீணாகும், அந்தச் சேதாரத்துக்கான கழிவு இது. ஆனால் விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஹாப்பஸ் கணக்கில் ஏற்கெனவே கழித்த பிறகு, 'சேதாரம்' என்று சொல்லி இன்னொரு முறை விலையைக் குறைத்தால் அது இரட்டைக் கழிவு.

இன்னொரு விஷயம். இந்தக் கணக்கில் சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுகிறது. அதனால் டேப்பில் வரும் சின்னத் தவறு பெரிதாக வீங்கும். மேலே சொன்ன 4 அடி கட்டையை மூணு இஞ்ச் குறைத்து, 3 அடி 9 இஞ்ச் என்று அளந்தால் கன அளவு 10-லிருந்து 8.8-ஆகக் குறையும். மூணு இஞ்ச்சுக்கு 12 சதவீத இழப்பு! கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மிளகுக்கொடி ஏற்ற நட்ட சில்வர் ஓக்கை விற்பவருக்கும், சமவெளியில் வரப்போரத் தேக்கையும் வேம்பையும் விற்பவருக்கும் இது பொருந்தும். கட்டையை நடுவில் அளக்கிறார்களா, நுனியில் அளக்கிறார்களா, பட்டையோடா, பட்டை உரித்தா என்பதை விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நிலம் எடுத்தால் மரத்துக்கு என்ன கணக்கு?

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்துதல் சட்டம், பிரிவு 29-ன்படி, நிலத்தோடு சேர்ந்த மரங்களுக்கும் மதிப்பு போட வேண்டும். வேளாண்மை, வனம், தோட்டக்கலை போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்களை மாவட்ட ஆட்சியர் இதற்குப் பயன்படுத்தலாம். தென்னை, மா போன்றவற்றுக்கு மகசூலும், தேக்கு போன்ற தடி மரங்களுக்கு சுற்றளவும் நீளமும் முக்கியமாக இருக்கும். மின்பாதை அமைக்கும்போது வெட்டப்படும் மரங்களுக்கும் இழப்பீடு உண்டு.

கொங்கு மாவட்டங்களில் சாலை, உயர்மின் கோபுரத் திட்டங்களின்போது விவசாயிகள் போராடியதில் மரங்களுக்கான இழப்பீடும் ஒரு பிரச்னை. மரம் நிற்கும்போதே இனம், எண்ணிக்கை, சுற்றளவு ஆகியவற்றைத் தேதியோடு எழுதி, போட்டோ எடுத்து வைத்திருப்பவருக்குப் பேச ஒரு ஆதாரம் இருக்கும். மரம் போன பிறகு மிஞ்சுவது அடிக்கட்டை மட்டுமே. அதை வைத்து சுற்றளவை ஓரளவு ஊகிக்கலாம், உயரத்தை ஊகிப்பது கஷ்டம்.

சாலையோர மரங்களுக்கும் இதே நிலைதான். வெள்ளை வண்ணம் பூசி எண் எழுதிய மரங்களைப் பல சாலைகளில் பார்த்திருப்பீர்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரங்களை வெட்டுவதற்கான கோரிக்கைகளைப் பார்க்க மாவட்ட பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. 'பழைய பெரிய மரம், வெட்டாதீர்கள்' என்று வாயால் சொல்வதைவிட, '1.37 மீட்டரில் இத்தனை மீட்டர் சுற்றளவு, இன்ன தேதியில் அளந்தது' என்று மனுவில் எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும்.

சுற்றளவை வைத்து வயதைச் சொல்லலாமா?

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஒரே வயதுடைய இரண்டு வேப்பமரங்களில் வாய்க்கால் ஓரம் நிற்பது பருத்திருக்கும், பாறைமேல் நிற்பது மெலிந்திருக்கும். தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் என்பதால் அதை எண்ணி வயது சொல்லலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவாகத் தெரியாது. 'கன்னிமாராவுக்கு 450 வயது' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட வயதுகளைத் தோராயமாக எடுத்துக்கொள்வதே சரி.

ஆனால் சுற்றளவிலிருந்து இன்னொன்று கிடைக்கும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் நாட்டின் வனநிலை அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. ஒரு காட்டில் எவ்வளவு மரம், அதில் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம், மாதிரி இடங்களில் மரம் மரமாகப் பிடித்த டேப் அளவில் இருந்துதான் தொடங்குகின்றன.

சங்ககிரி சுற்றுவட்டாரத்தில் எங்கே அளக்கலாம்?

சமவெளியில் சாலையோரப் புளி, கோயில் அரசு, ஏரிக்கரை ஆல், இலுப்பை, வேம்பு போன்றவற்றில் தொடங்கலாம். உயரமான காட்டு மரங்களைப் பார்க்க சேர்வராயன் மலைக்கோ கொல்லிமலைக்கோதான் போக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போகும் கொல்லிமலையில் மலையாளி பழங்குடி மக்கள் காத்து வரும் கோயில் காடுகள் இருக்கின்றன. அங்கே ஊர்க்காரர்களிடம் கேட்காமல் மரத்தைத் தொடக் கூடாது. செருப்பு போடக் கூடாத இடமாகவும் இருக்கலாம்.

காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. எங்கே அளந்தாலும் ஆணி அடிப்பது, பட்டையைச் செதுக்கி எண் எழுதுவது வேண்டாம். காற்று, இடி நேரத்தில் பெரிய மரத்தடியில் நிற்பதும் ஆபத்து.

எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

* மரத்தின் பெயர், ஊர்ப் பெயரும் சேர்த்து
* இடம், முடிந்தால் செல்போன் காட்டும் ஜிபிஎஸ் எண்
* அளந்த தேதி, அளந்தவர் பெயர்
* சுற்றளவு, தரையிலிருந்து எந்த உயரத்தில் அளந்தது
* உயரம், எந்த முறையில், எத்தனை திசைகளிலிருந்து அளந்தது
* கிளைப் பரப்பு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு
* முறிந்த உச்சி, பொந்து, தீக்காயம் போன்றவை இருந்தால் அதுவும்
* மரத்தோடு ஓர் ஆள் நிற்கும் போட்டோ

பள்ளி மாணவர்கள் அரை நாளில் பத்து மரங்களை இப்படிப் பதிவு செய்துவிடலாம். கயிறு, குச்சி, டேப், ஒரு நோட்டு இருந்தால் போதும். ஐந்து வருஷம் கழித்து வேறு யாராவது அதே உயரத்தில் கயிற்றைச் சுற்றினால், மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.